கோவிந்தம்மாள் கண்டெடுத்த இலை

திண்டிவனம்
3.2.1986

மதிப்பிற்குரிய அறிவியல் ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. எனக்கு உங்களைத் தெரியும். போன மாதம் விழுப்புரத்தில் பள்ளிக்கூடக் கண்காட்சி நடந்தபோது, திருவக்கரைக் கல்மரத் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னீர்கள். கூட்டத்தில் ஒருவர், "இது மரமே இல்லம்மா, சும்மா செங்கல்லு மாரிக்கீது" என்று வம்புக்கு நின்றார். நீங்கள் கோபப்படாமல் பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, "நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க" என்றீர்கள். அவர் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

மரக்காணம் ரோட்டில் கல் டிப்போ வைத்திருக்கிறேன். கடப்பைக்கல் விற்பது, அறுப்பது, கருங்கல்லில் எழுத்து வெட்டுவது எல்லாம் உண்டு. என்னிடம் ஒரு பலகைக்கல் இருக்கிறது. மூன்றடிக்கு இரண்டடி. அதன் முகத்தில் பெரணி இலைக் கொத்து ஒன்று அப்படியே கல்லாகி ஒட்டியிருக்கிறது. கறுப்பாக, கிளை கிளையாக, பார்த்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். என் மனைவி கோவிந்தம்மாள் கண்டெடுத்தது. அவள் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஓர் அறை கட்டுகிறார்கள். தரைக்குக் கல் நான் கொடுக்கிறேன். இந்த இலைக்கல்லை அவள் பெயரோடு அறைச் சுவரில் பதிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஜூனில் திறப்பு. தலைமையாசிரியர் தேவநாதன் சார் நல்லவர்தான், ஆனால் சந்தேகப் பிராணி. "படிச்சவங்க யாராவது ஒருத்தர் ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா பேஜாரு இல்ல சக்கரபாணி" என்கிறார்.

அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். கல்லைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்துப் பென்சிலால் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சக்கரபாணி


விழுப்புரம்
8.2.1986

திரு. சக்கரபாணி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வரைபடம் மிக அழகாக இருக்கிறது. எங்கள் ஓவிய ஆசிரியை அதைக் கேட்டார், நான் தரவில்லை.

ஒரு வரி என்கிறீர்கள். எனக்குத் தெரிந்து ஒரு வரி எழுதுவதுதான் கஷ்டம். நான்கு பக்கம் எழுதச் சொன்னால் எதையாவது எழுதி ஒப்பேற்றிவிடலாம்.

கல்லில் உயிரின் தடமும் விழும், உயிரே இல்லாத கறையும் விழும். இரண்டும் சில சமயம் அக்கா தங்கை போல இருக்கும். திருவக்கரைப் பக்கமே பாருங்கள். அங்கே மரம் கல்லானதும் உண்டு. இரும்புத் துரு கல்லுக்குள் இறங்கி வளையம் வளையமாகப் படிந்து, மரத்தின் வளையம் போலவே ஏமாற்றுவதும் உண்டு. படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.

ஆகவே மூன்று கேள்விகள். கல் எங்கிருந்து வந்தது? இலைக்கு நடு நரம்பும், அதிலிருந்து பிரியும் பக்க நரம்புகளும் தெரிகின்றனவா? கிளைகள் எங்கிருந்து தொடங்குகின்றன? கல்லின் நடுவிலிருந்தா, இல்லை ஓரத்திலிருந்தோ ஏதாவது விரிசலிலிருந்தோ கிளம்புகின்றனவா? பூதக்கண்ணாடி இல்லையென்றால் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் இரவல் கேளுங்கள்.

இன்னொன்று. உறையின்மேல் 'விஞ்ஞான மேதை' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அட்டெண்டர் சின்னதுரை அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். அறிவியல் ஆசிரியை என்றாலே போதும்.

இப்படிக்கு,
தா. காந்திமதி


திண்டிவனம்
14.2.1986

ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். 'மேதை' என்று எழுதியது மரியாதைக்காக. இனி எழுதவில்லை.

கேள்விகளுக்குப் பதில். கல், கடப்பை லாரியில் வந்தது. எழுபத்தொன்பதாம் வருடம், ஐப்பசி. மழையில் நனைந்து சேறும் சகதியுமாக வந்த லோடு. எங்கள் டிப்போவில் வேலை செய்யும் முனியம்மாளும் என் மனைவியும் ஒவ்வொரு பலகையாகக் கழுவி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பலகை தட்டியதும் இரண்டாகப் பிளந்துகொண்டது. முனியம்மாள் அதை உடைசல் குவியலில் போடப் போனாள். "இரு இரு முனிம்மா, எல இருக்குது பாரு" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "கல்லுல ஏதுடி எல" என்று அவள் கேட்டதற்கு, "திருவக்கரைல மரமே கல்லாய்க்கெடக்குது. மரம் ஆவும்போது எல ஆவாதா?" என்றாளாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வக்ரகாளியம்மனைப் பார்க்கப் போகிறவள். போகும்போதெல்லாம் அந்தக் கல்மரங்களைத் தொட்டுவிட்டு வருவாள்.

நடு நரம்பு தெரியவில்லை. கடிகாரக் கடைக் கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன். எல்லாக் கிளையும் கல்லின் இடது ஓரத்திலிருந்துதான் கிளம்புகிறது. நீங்கள் கேட்ட விதத்திலேயே எனக்குச் சுருக்கென்றது. உடம்புக்கு என்ன என்று கேட்காமல் எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்பாரே, அப்படி.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு எழுதுவதற்கு முன்பே கருங்கல் பலகையில் எழுத்தை வெட்டிவிட்டேன். 'பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கல்லான இலை. கண்டெடுத்தவர் ச. கோவிந்தம்மாள், திண்டிவனம்.' எழுத்து, கால் அங்குல ஆழம். காகிதம் என்றால் அடித்து எழுதலாம். கல்லில் முகத்தையே சீவி எடுத்தால்தான் உண்டு.

அவள் பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. கல்யாணமான பிறகு கையெழுத்துப் போட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் என் 'ச'வைப் போட்டுப் புள்ளி வைப்பாள். அதற்குப் பிறகு ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் தன் பெயரைத் தொடங்குவாள். பலகையில் அவள் பெயருக்கு அந்த 'ச'வைத்தான் முதலில் வெட்டினேன்.

சக்கரபாணி


விழுப்புரம்
21.2.1986

திரு. சக்கரபாணி அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அந்தக் கையெழுத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, எனக்குத் தோன்றுவதைச் சட்டென்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் தெரியவில்லை.

என் வாயால் எதையும் சொல்லப் போவதில்லை. ஒரு சோதனை இருக்கிறது, நீங்களே பாருங்கள். கண்காட்சியில் கண்ணாடியைக் கொடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்துக் கடையில் கிடைக்கும். கையில் அடிக்கடி உளி படுகிற இடம், உங்கள் பட்டறையிலேயே இருக்கலாம். கல்லைத் துடைத்துக் காயவைத்துக்கொண்டு, முதலில் இலை இல்லாத வெற்றிடத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அங்கே ஒன்றும் ஆகக் கூடாது. பிறகு கறுப்புக் கிளையின் நுனியில் ஒரு சொட்டு. அங்கேயும் சும்மா இருந்தால் நான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு ஓடி வருகிறேன். பொங்கி நுரைத்தால் அது மாங்கனீசு என்ற தாது. இலை அப்படி நுரைக்காது.

செய்யத்தான் வேண்டும் என்று இல்லை. சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமலே வைத்திருக்கலாம். அப்படி வைத்துக்கொண்டால் நான் குறை நினைக்க மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடச் சுவரில் பதிப்பதற்கு ஒரு வரி மட்டும் என்னால் எழுத முடியாது. அங்கே பிள்ளைகள் படிப்பார்கள்.

தா. காந்திமதி


திண்டிவனம்
2.3.1986

ஆசிரியைக்கு,

நுரைத்தது.

வெற்றிடத்தில் ஒன்றும் ஆகவில்லை. இலையில் விட்டதும் சோடா உடைத்த மாதிரி பொங்கியது. இன்னொரு கிளையில் விட்டேன், அதுவும் பொங்கியது. பாட்டில் தீரும் வரை விட்டேன். முனியம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "எதுக்கு இத்தப் போட்டு நோண்டிக்கினு கெடக்கற? அதுபாட்டுக்கு எலயா இருந்துக்கினு இருந்துச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதுதான் சரி. ஏழு வருடமாக அது பாட்டுக்கு இலையாக இருந்தது.

உங்களுக்கு என்ன நஷ்டம்? இலை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? பிள்ளைகள் படிப்பார்கள் என்கிறீர்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் பெயர் இருப்பதற்கு அந்தக் கல்லை விட்டால் வேறு இடமும் இல்லை.

கல்லை அப்படியே பதிக்கப் போகிறேன். நீங்கள் இனி எழுத வேண்டாம்.

சக்கரபாணி


விழுப்புரம்
20.3.1986

திரு. சக்கரபாணி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். பதினெட்டு நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. படிக்காமல் அடுப்பில் போடுவதானாலும் போடுங்கள்.

எங்கள் அறிவியல் கூடத்து அலமாரியில் இரண்டாம் தட்டில் ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், மேலே கறுப்பாகச் சின்னப் பெரணி. வேலையில் சேர்ந்த முதல் வருடம், இருபத்தைந்து வயதில், 'பெரணி இலை, புதைபடிவம்' என்று இந்தியன் இங்க்கில் குண்டு குண்டாக எழுதிச் சீட்டு ஒட்டினேன். ஒன்பது வருடமாக வருடத்துக்கு நூறு பிள்ளைகளிடமாவது அதைக் காட்டியிருப்பேன். ஒரு தடவையும் சோதித்துப் பார்த்ததில்லை. பார்த்தால் இலை போல இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அதை எடுத்து ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது.

ஊராருக்குக் கண்ணாடி கொடுத்தவள், தன் அலமாரியைப் பார்க்கவில்லை. அழுகைதான் வந்தது. தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். "இன்ஸ்பெக்‌ஷன் வரப்போவுது, இப்ப போய் எதுக்கும்மா கெளப்பிக்கினு? அடுத்த வருஷம் மாத்திக்கலாம்" என்றார். கேட்கவில்லை. பழைய சீட்டைக் கிழித்துப் புதுச் சீட்டு ஒட்டிவிட்டேன். எட்டாம் வகுப்பில் நின்று, "இவ்வளவு நாளா தப்பா சொல்லிட்டேன்" என்று சொன்னபோது பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும், "அப்ப போன வருஷம் படிச்சிட்டுப் போன அக்காங்களுக்கு யார் டீச்சர் சொல்லுவாங்க?" என்றாள். உங்கள் சுவருக்காக நான் பயந்தது இதற்குத்தான்.

இன்னொன்றையும் மறைத்தேன். கடப்பை என்று நீங்கள் எழுதிய அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. கடப்பைக்கல் உண்டான காலம் எத்தனையோ கோடி வருடத்துக்கு முந்தியது. அப்போது பூமியில் இலை என்பதே கிடையாது. செடியில்லை, புல்லுமில்லை. அதோடு பார்த்தால் திருவக்கரை மரங்கள் நேற்றுப் பிறந்த குழந்தைகள். இதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்துச் சோதனையின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அது கோழைத்தனம். மன்னியுங்கள்.

அது என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கல்லில் முடியளவு விரிசல் விட்டிருக்கிறது. அதில் தண்ணீர் நுழைந்து, தான் கரைத்துக்கொண்டு வந்ததை வழி கிடைத்த பக்கமெல்லாம் படியவிட்டுப் போயிருக்கிறது. ஒரு நாளில் இல்லை, எத்தனையோ காலம். செத்துப்போன இலையின் அச்சு இல்லை அது. கல் பிளந்த இடத்தில் பிற்பாடு மெல்ல மெல்ல வளர்ந்தது. ஏன் இலை மாதிரியே வளர்கிறது என்று முழுதாக எனக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். சேறும் மழையுமாக இருந்த அன்றைக்கு, உடைசல் குவியலுக்குப் போக இருந்ததைக் கையைப் பிடித்து நிறுத்திப் பார்த்த கண் உங்கள் மனைவியுடையது. மரம் ஆகும்போது இலை ஆகாதா என்ற கேள்வியும் நல்ல கேள்வி. என் வகுப்பில் இருந்திருந்தால் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன்.

தா. காந்திமதி


திண்டிவனம்
12.4.1986

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. டிப்போ மேசை இழுப்பறையில் இருக்கிறது. முனியம்மாளுக்கும் படித்துக் காட்டினேன். "தப்புன்னு தானே ஒத்துக்கினாங்களே, அந்த டீச்சர் நல்ல பொம்பள" என்றாள். அவள் வாயில் அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். என்னை இருபது வருடத்தில் ஒரு தடவையும் நல்லவன் என்று சொன்னதில்லை.

கோபத்தில் எழுதியதற்கு வருந்துகிறேன். கோபத்துக்குக் காரணம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டேன். கடைசி இரண்டு மாதம் அவளால் எழுந்து நடக்க முடியவில்லை. கட்டிலுக்கு எதிரே சுவரோரம் அந்தக் கல்லை நிறுத்தி வைக்கச் சொன்னாள். பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். ஒரு நாள், "நானு போயிட்டாலும் இந்த எல இருக்கும்ல. வூட்டுக்குள்ளயே போட்டு வெக்காதீங்க. எங்கனா நாலு பேர் பாக்கற எடத்துல வெய்யிங்க" என்றாள். வைக்கிறேன் என்று கையில் அடித்துச் சொன்னேன். அவளுக்கு நான் கொடுத்த கடைசி வாக்கு அதுதான்.

இப்போது வாக்கைக் காப்பாற்றினால் பொய்யாகிறது. பொய் வேண்டாமென்றால் வாக்கு போகிறது. இரண்டு பக்கமும் இடிபடும் மத்தளம் போல இருக்கிறேன். எழுத்துப் பலகை பட்டறையில் துணி போர்த்திக் கிடக்கிறது. எடுக்கவும் முடியவில்லை, சீவவும் முடியவில்லை.

வருகிற சித்ரா பௌர்ணமிக்குத் திருவக்கரை போகிறேன். அவள் போன பிறகு நான் போகவே இல்லை. முனியம்மாளும் அவள் மருமகளும் வருகிறார்கள். கோயிலுக்குப் போய்விட்டுக் கல்மரங்களையும் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எது மரம், எது துருப்பிடித்த கல் என்று நேரில் பார்த்தால் எனக்கு மனம் தெளியுமோ என்னவோ. லீவுதானே, உங்களுக்கும் வர முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பரவாயில்லை. காலை பத்து மணிக்குக் கோபுர வாசலில் இருப்போம்.

சக்கரபாணி


விழுப்புரம்
27.4.1986

சக்கரபாணி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குடை என்னிடம் இருக்கிறது. பஸ் ஏறிய அவசரத்தில் கொடுக்க மறந்துவிட்டேன். கறுப்புக் குடையில் வெள்ளைப் பெயின்டால் 'ச' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அம்மா, "யாருதுடி இது?" என்று கேட்டாள். கல் டிப்போக்காரருடையது என்றேன். "கல்லு டிப்போக்காரர் கொட, கண்ணாடி டிப்போக்காரர் கொடன்னு இன்னும் எத்தினி வரும்?" என்று கேட்டுவிட்டு, அதை மடித்துத் தன் பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறாள்.

நான் சொல்லிக்கொடுக்க வந்தேன். நடந்தது வேறு. துரு வளையக் கல்லை நான் கண்ணாடி வைத்துத் தேடிக்கொண்டிருந்தபோது, நீங்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மரமில்ல டீச்சர். வளையம் வெடிப்பைச் சுத்திக்கினு ஓடுது. மரமா இருந்தா மரத்தோட நெஞ்சைச் சுத்தி இல்ல ஓடணும்?" என்றீர்கள். நான் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரு தட்டில் சொல்லிவிட்டீர்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

நீளமாகக் கிடந்த அந்தப் பெரிய மரத்தருகே நீங்கள் போய் உட்கார்ந்தீர்கள். முனியம்மாள் என்னிடம் வந்து, "கோயிந்தம்மா ஒக்கார்ற எடம் அது" என்று மெதுவாகச் சொன்னார். நான் தள்ளி நின்றுகொண்டேன். பிறகு நீங்களே கூப்பிட்டு, கொண்டு வந்திருந்த புளிசோற்றை எனக்கும் பங்கு வைத்தீர்கள். இதையெல்லாம் நான் மறக்க மாட்டேன்.

எழுத்துப் பலகையைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டீர்கள். அங்கே சொல்லத் தோன்றவில்லை, இங்கே வந்தும் தோன்றவில்லை. அது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ள வாக்கு. நான் இடையில் வர முடியாது. நீங்கள் எதைச் செய்தாலும் எனக்கு உங்கள்மேல் உள்ள மதிப்பு குறையாது.

பள்ளிக்கூடம் லீவு. சின்னதுரைக்கும் லீவு. இனி வீட்டு முகவரிக்கே எழுதுங்கள்: மறைந்த ரயில்வே தாண்டவராயன் வீடு, கீழ்ப்பெரும்பாக்கம். அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியும் தபால்காரருக்கு அவர் பெயர் சொன்னால்தான் வீடு தெரியும்.

தா. காந்திமதி


திண்டிவனம்
25.5.1986

காந்திமதி டீச்சருக்கு,

வணக்கம். குடை அங்கேயே இருக்கட்டும். இங்கே மழையும் இல்லை.

திருவக்கரையிலிருந்து வந்து ஒரு வாரம் யோசித்தேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நினைத்துப் பார்த்தேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் வை என்றாள். இலை என்று எழுதி வை என்று சொல்லவில்லை. எழுதியது நான். அவளைப் பெரியவளாக்கிக் காட்ட எனக்குத்தான் இலை தேவைப்பட்டது. அவளுக்கு அந்தக் கல் போதுமாக இருந்தது.

பலகையை எடுத்து முகத்தைச் சீவினேன். மூன்று நாள் ஆனது. வேறு ஆளிடம் கொடுக்கவில்லை. அவள் பெயர் மேல் உளி வைக்க வேண்டியிருந்தபோது முனியம்மாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் தூசியைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு புதிதாக வெட்டினேன். இப்படி:

'இது இலை அன்று. கல் பிளந்த இடத்தில் நீர் வளர்த்த கோலம். கண்டெடுத்தவர் ச. கோவிந்தம்மாள். இன்னதென்று கண்டு சொன்னவர் காந்திமதி.'

வெட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. மறுபடியும் அதே தப்பு. கேட்காமல் வெட்டிவிட்டேன். கல்யாணமாகாத பெண்ணின் பெயரை ஊரார் பார்க்கும் கல்லில் என் மனைவி பெயருக்குக் கீழே வெட்டி வைத்திருக்கிறேன். உளிக்கு இருக்கிற வேகம் என் புத்திக்கு இல்லை. தேவநாதன் சார் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி சக்கரபாணி, யாரு இந்தக் காந்திமதி?" என்றார். விழுப்புரத்து டீச்சர் என்றேன். "அது எனக்குத் தெரியாதா. உனக்கு யாருன்னு கேக்கறேன்" என்றார். நான் உளியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டேன்.

பெயரைச் சீவ வேண்டும் என்றால் சொல்லுங்கள், சீவிவிடுகிறேன். இன்னும் ஒரு மூன்று நாள், அவ்வளவுதான்.

சீவ வேண்டாம் என்றால் இன்னொன்று. உங்கள் பெயருக்கு முன்னால் 'தா.' என்று வெட்ட உளியை வைத்தேன். கை ஓடவில்லை. ஓர் எழுத்து அகலத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அதில் எந்த எழுத்து என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா எழுத்து என்றால் அதுவே. சந்தோஷமாக வெட்டுவேன், நம் பழக்கமும் இப்போது போலவே இருக்கும். வேறு எழுத்து ஏதாவது என்றால், அதைச் சொல்லுமுன் யோசித்துக்கொள்ளுங்கள்: எனக்கு வயது நாற்பத்தொன்று, தலை முக்கால்வாசி வெள்ளை, வீடு முழுக்கக் கல்தூசி. எல்லாவற்றையும் நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள், தூசியைத் தவிர.

இந்த ஒன்றையாவது கேட்டுவிட்டு வெட்டுகிறேன்.

சக்கரபாணி


விழுப்புரம்
4.6.1986

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. பயந்து போயிருப்பீர்கள். நானும்தான்.

முதல் நாள் உங்கள்மேல் கோபம் வந்தது. கேட்காமல் என் பெயரை வெட்ட இவர் யார் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அந்த நான்கு வரியையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். அதில் பொய் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாக எழுதியதில்லை.

மூன்றாம் நாள் கோவிந்தம்மாளை நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதிகமாக யோசித்தது அவர்களைப் பற்றித்தான். கட்டிலுக்கு எதிரே அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த இலையை இல்லை என்று சொன்னவள் நான். அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு வருவது? பிறகு, புளிசோறு தின்ற அன்று முனியம்மாள் பஸ் ஏறும்போது என் காதில் சொன்னது நினைவுக்கு வந்தது. அதை உங்களுக்கு நான் சொல்லவில்லை. "எங்க கோயிந்தம்மா இருந்தா உன்னியக் கையப் புடிச்சி நிறுத்தியிருக்கும்" என்றார். சேற்றிலிருந்து கல்லை எடுத்தவர்கள் என்னையும் தள்ள மாட்டார்கள் என்று ஒரு தைரியம் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் இரண்டாம் தாரமாகக் கேட்கிறீர்கள் என்று உள்ளபடியே சொன்னேன். அம்மா எழுந்து போய் உங்கள் குடையை எடுத்து விரித்துப் பார்த்தாள். "கம்பி எல்லாம் நல்லாத்தான்கீது. துணிதான் வெளுத்துப்போச்சி" என்றாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கப்பா இருந்திருந்தா அவரே போயி பேசி முடிச்சிக்கினு வந்திருப்பாரு. திறப்புக்கு நானும் வர்றேன்" என்றாள்.

அப்பாவின் எழுத்தை முப்பத்து நான்கு வருடம் என் பெயருக்கு முன்னால் வைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட்டாலும் அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். நேற்று ஒரு தாளில் புது எழுத்தைப் போட்டுப் பழகிப் பார்த்தேன். கோவிந்தம்மாள் செய்தது போலவே புள்ளி வைத்து, ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் என் பெயரைத் தொடங்க முடிந்தது.

என் பெயரைச் சீவ வேண்டாம். விட்டு வைத்த இடத்துக்கான எழுத்தைக் கீழே போட்டிருக்கிறேன். நன்றாகப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

அன்புடன்,
ச. காந்திமதி